ஓடைக்கரையில் குடியிருப்பு இல்லை

கீரமங்கலத்திலிருந்து செம்மண் பாதையில் தெற்கே ஒரு மணி நேரம் நடந்தால் வேம்பன்வயல். அந்த ஊருக்கு அய்யாக்கண்ணு தலையாரி. அவன் அப்பன் சமஸ்தானத்துக் காலத்தில் தலையாரியாக இருந்தவர். அவருக்கு முன்னால் அவர் அப்பன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தபோது மார்பில் அணியும் பழைய வில்லையை வாங்கிக்கொண்டு புதுப் பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். வேலை என்னவோ மாறவில்லை. மணியக்காரர் கூப்பிட்டால் ஓடவேண்டும். கணக்குக் கட்டைத் தலையில் வைத்துத் தாலுகா கச்சேரிக்குச் சுமக்கவேண்டும். கண்மாய் நிறைந்தால் கரையில் காவல் நிற்கவேண்டும். அதிகாரிகள் வந்தால் ஊரில் உள்ளது இல்லாததற்குச் சாட்சி சொல்லவேண்டும். தலையாரி சொன்னால் அது கச்சேரியில் செல்லும். அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கண்மாய்க்குக் கீழே, கலுங்கிலிருந்து தண்ணீர் வழிந்தோடும் ஓடையின் கரையில் ஒன்பது குடிசைகள் இருந்தன. கிணறு வெட்டுகிறவர்களின் குடிசைகள். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணியக்காரர் அழகுமலையின் தோட்டத்தில் கிணறு வெட்ட வந்தார்கள். வேலை முடிந்ததும் அவரே இங்கிட்டே இருந்துகொள்ளுங்கள் என்று ஓடைக்கரையைக் காட்டிவிட்டார். அது சர்க்கார் புறம்போக்கு. புறம்போக்கில் யாராவது குடியிருந்தால் மணியக்காரர் அதை மேலே எழுதி, வருஷா வருஷம் தண்டத் தீர்வை போட்டு, அதற்கான தாளை அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். அந்தத் தாளுக்குப் பி மெமோ என்று பெயர். அழகுமலை ஒரு வருஷம்கூட எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்குப் பதிலாக அந்த ஒன்பது வீட்டு ஆண்களும் பெண்களும் அவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலியில்லாமல் இறங்கினார்கள். இது ஊருக்கே தெரியும். ஊரில் யாருக்கும் இது தப்பாகவும் படவில்லை.

அந்தக் கிணறுவெட்டிகளில் மரியசூசை என்பவனுக்கு முப்பது வயதிருக்கும். குறைவாகப் பேசுவான். வெடி வைப்பதிலும் பாறை எந்த வாக்கில் பிளக்கும் என்று பார்ப்பதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் மனைவி அடைக்கலமேரி. அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. மரியசூசையின் தாயும் அவர்களோடு இருந்தாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகை நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே வானம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. உச்சிக்குப் பிறகு காற்று எடுத்தது. சாயங்காலத்துக்குள் பலா மரங்கள் வேரோடு சாய ஆரம்பித்தன. தென்னைகள் நடுவில் ஒடிந்தன. கூரைகள் பிய்ந்து வயல்மேல் பறந்தன. அய்யாக்கண்ணு பத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனான். வைக்கோலும் முள்ளும் மண்ணும் போட்டு அடைத்தபடியே இருந்தார்கள். காற்றில் நிமிர்ந்து நிற்க முடியாமல் பாதி நேரம் தவழ்ந்துதான் வேலை செய்தார்கள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் காற்று தணிந்தது. இனிப் பயமில்லை என்று ஒருவன் சொல்லி வாய் மூடவில்லை, கலுங்குக்குப் பக்கத்தில் கரை உடைந்தது.

அய்யாக்கண்ணுவின் வீடு கரையடித் தெருவில் இருந்தது. கரைமேல் நின்றபடியே தன் வீட்டு மண்சுவர் தண்ணீரில் உட்காருவதை அவன் பார்த்தான். உள்ளே அவன் மனைவி ராசாத்தியும் நாலு வயது மகள் செவந்தியும் இருந்தார்கள். அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே கண்மாய் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. பேர் சொல்லிக் கத்தினான். அந்த இரைச்சலில் அது அவன் காதிலேயே விழவில்லை.

ராசாத்தி பிள்ளையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு பனந்தூரைப் பிடித்தபடி ஓடைவரைக்கும் அடித்துப்போனாள். அங்கே ஒரு புளியமரம். மரியசூசை கிணற்று வடத்தின் ஒரு முனையை அதில் கட்டி, மறு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, வெள்ளத்துக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தான். தன் மனைவியையும் குழந்தையையும் முதலில் மரத்தில் ஏற்றினான். பிறகு பக்கத்துக் குடிசைக்காரர்கள் மூன்று பேர். தாயைத் தேடி நாலாம் தடவை இறங்கியபோது கைக்கு அகப்பட்டவள் ராசாத்தி. அவளையும் செவந்தியையும் கொண்டுவந்து கிளையில் உட்காரவைத்துவிட்டு மறுபடி இறங்கினான். தாய் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அரை மைல் தள்ளி, ஒரு தாழம்புதரில் கிடைத்தாள்.

ஓடைக்கரையில் ஏழு பேர் செத்தார்கள். கரையடித் தெருவில் மூன்று பேர். ஒன்பது குடிசையில் ஒன்றின் கம்பு கூட மிஞ்சவில்லை.

ஊரில் ஓடு வேய்ந்த கட்டடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதில் நூற்றுச் சொச்சம் பேர் அடைந்து கிடந்தார்கள். ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழி எடுக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் சர்க்கார் லாரியில் அரிசி வந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். ஒரு டாக்டர் வந்து எல்லோருக்கும் வாந்திபேதி ஊசி போட்டார். பெண்களுக்குச் சேலையும் ஆண்களுக்கு வேட்டியும் கொடுத்தார்கள். வரிசையில் நிற்கவைப்பது, தகர டிக்கெட் கொடுப்பது, சண்டை வந்தால் விலக்குவது எல்லாம் அய்யாக்கண்ணுவின் பொறுப்பு. அந்தப் பத்து நாளும் ஓடைக்கரைக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரே கூரையின்கீழ் படுத்து, ஒரே அண்டாவில் கஞ்சி குடித்தார்கள். ராசாத்தியும் அடைக்கலமேரியும் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட்டிருந்தார்கள். குழந்தை அழுதால் யார் மடி கிட்டத்தில் இருந்ததோ அந்த மடிக்குப் போயிற்று.

பதினோராம் நாள் சேதி வந்தது. வீடு இழந்தவர்களுக்குச் சர்க்கார் மூங்கிலும் கீற்றும் கொடுக்கும், மேட்டில் மூன்று சென்ட் மனையும் கொடுக்கும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முத்துராமன் வந்து இடங்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுவார். மறுநாள் காலை மணியக்காரர் அழகுமலை பள்ளிக்கூடத்துப் பின்புறம் அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார். முகம் சவரம் செய்யாமல் வெளிறிக் கிடந்தது. சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். ஓடைக்கரையில் ஒன்பது வீடு இருந்தது என்று எழுதினால், பத்து வருஷமாகப் பி மெமோ எங்கே என்று கேட்பார்கள். மெமோ இல்லாமல் எதற்குக் குடிவைத்தாய் என்று கேட்பார்கள். வேலை போகும், அதோடு நிற்காது.

"நீ ஒண்ணும் அதிகமாச் சொல்ல வேணாம்" என்றார் அழகுமலை. "வேலைக்கு வந்தவங்க, வேலை முடிஞ்சா ஊருக்குப் போறவங்க, அங்கிட்டு குடியிருப்பு ஏதும் இல்லன்னு சொல்லு. அவங்களுக்கு ஆவூர்ல சொந்தபந்தம் இல்லாமயா போச்சு?"

ஏழு பேரைப் புதைத்திருக்கிறதே ஐயா என்று மட்டும் அய்யாக்கண்ணு சொன்னான். அவர்கள் கூலிக்கு வந்த இடத்தில் செத்தவர்கள் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர். பிறகு குரலை இறக்கி, சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்கு வீட்டு உதவி கிடையாது என்று சட்டம் இருப்பதைச் சொன்னார். ஆனாலும் ராசாத்தி பேரில் எழுதி, அதை முதல் பேராகப் போட்டுவிடலாம். தலையாரி வேலைக்கு அவன் பங்காளிகள் இரண்டு பேர் மனுப் போட்டுக் காத்திருப்பதையும் ஞாபகப்படுத்தினார்.

இன்ஸ்பெக்டர் முத்துராமன் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு ஊருக்குப் பட்டியல் எழுதவேண்டியிருந்தது. கால் சேற்றுப்புண்ணில் வெந்திருந்தது. அவரை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனபோது அங்கே வெள்ளம் கொட்டிய மணல் வழவழவென்று பரந்து கிடந்தது. ஒரு குடி இருந்த தடம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் ஒரு அம்மிக்கல்லின் முனை மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தடியால் தட்டிப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"வெள்ளத்துல உருண்டு வந்திருக்கும் எசமான்."

அந்தக் கல் யாருடையது என்று அய்யாக்கண்ணுவுக்குத் தெரியும். வியாகுலமேரி என்ற பெண்ணின் வீட்டுக் கல். ஒரு முறை அவள் அதில் அரைத்த துவையலை அவன் தின்றிருக்கிறான். இன்ஸ்பெக்டர் தோல்பையைத் திறந்து தாளை எடுத்து, நின்றபடியே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். மேற்படி ஓடைக்கரையில் குடியிருப்பு இல்லை. அய்யாக்கண்ணுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட்டான்.

பள்ளிக்கூடம் திறக்கவேண்டும் என்று கஞ்சித் தொட்டியை மூடிய நாளில் முற்றத்தில் வைத்துப் பட்டியல் படித்தார்கள். முதல் பேர் ராசாத்தி. முப்பத்திரண்டு பேர் வரைக்கும் படித்தார்கள். ஓடைக்கரைக்காரர் பேர் ஒன்றும் வரவில்லை. மரியசூசை கூட்டம் கலையும்வரை காத்திருந்து அய்யாக்கண்ணுவிடம் வந்தான்.

"அண்ணே, எங்க வீடு ஒம்பதும் விட்டுப்போச்சு. எழுதுறப்ப மறந்திருப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஐயாவிடம் சொல்கிறேன் என்றான் அய்யாக்கண்ணு. மரியசூசை அதை நம்பிப் போனான். அவன் நம்பியது அய்யாக்கண்ணுவுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தைக் கழுவி விட்டார்கள். ஓடைக்கரைக்காரர்கள் மரத்தடியில் இரண்டு நாள் இருந்தார்கள். மணியக்காரரின் ஆட்கள் வந்து, சொந்த ஊருக்குப் போங்கள், அங்கே போனால் அங்குள்ள சர்க்கார் கொடுக்கும் என்றார்கள். ஆளுக்கொரு திசையாகக் கிளம்பினார்கள். மரியசூசையும் அடைக்கலமேரியும் கீரமங்கலம் சந்தைக் கொட்டகையின் ஓரத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சர்க்கார் கொடுத்த மூங்கிலில் அய்யாக்கண்ணுவின் புது வீடு மார்கழிக்குள் எழுந்தது. மேட்டில், தெருவின் முதல் வீடு.

தை மாசம் ராசாத்தி வெற்றிலை வாங்கச் சந்தைக்குப் போனாள். கொட்டகை ஓரத்தில் அடைக்கலமேரி விறகுக்கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை இல்லை. எங்கே பிள்ளை என்று கேட்டதற்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாந்திபேதி, இரண்டே நாள் என்றாள். பிறகு, அதே குரலில், மரியசூசை மனு எழுதிக்கொண்டு கச்சேரிக்குப் போனதையும் அங்கே ஒரு குமாஸ்தா, உங்கள் ஊர்த் தலையாரியே குடியிருப்பு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று தாளை எடுத்துக் காட்டியதையும் சொன்னாள். திட்டவில்லை. சொல்லி முடித்துவிட்டு விறகு கேட்டு வந்த ஒருவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராசாத்தி வீட்டுக்கு வந்தபோது அய்யாக்கண்ணு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவள் கூடையை இறக்கவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்தது நெசமா?"

அவன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"நம்ம புள்ள மூச்சு விடுது. அந்தப் புள்ள விடல" என்றாள்.

அன்றைக்கே செவந்தியைக் கூட்டிக்கொண்டு கரையடித் தெருவில் பழைய வீடு இருந்த குட்டிச்சுவருக்குப் போய்விட்டாள். இரண்டு பக்கச் சுவர் மிச்சமிருந்தது. மேலே பனையோலையைச் சாய்த்து, மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். புருஷனுக்குச் சோறு ஆக்கிச் செவந்தி கையில் கொடுத்தனுப்புவாள். புது வீட்டுக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. அவனிடம் பேசவும் இல்லை. ஊரில் சிரித்தார்கள். அவளுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று சிலர் பேயோட்டும் கோடாங்கியை அழைக்கச் சொன்னார்கள். அய்யாக்கண்ணு யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. பிற்பாடு அவனே ஒருவரிடம் சொன்னானாம்: அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மணியக்காரர்மேல் பழியைப் போட்டு, எப்படியோ தேறியிருப்பேன். அவள் சோற்றை அனுப்பினாள். அதை முழுங்கத்தான் முடியவில்லை.

இப்படியே நாலு மாதம் போயிற்று. வைகாசியில் ஜமாபந்தி வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, தாலுகாவின் எல்லா ஊர்க் கணக்குகளையும் பெரிய அதிகாரி ஒருவர் கச்சேரியில் உட்கார்ந்து சரிபார்ப்பார். குடிகளும் மனுக் கொடுக்கலாம். வேம்பன்வயலின் முறை வந்த நாளில் அழகுமலை முன்னால் வில்வண்டியில் போக, அய்யாக்கண்ணு கணக்குக் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தான். கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் மரியசூசை தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இது அவனுடைய நாலாவது மனு. அய்யாக்கண்ணுவைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அண்ணே என்று கூப்பிடவும் இல்லை.

மதியத்துக்குமேல் மனுவை எடுத்தார்கள். அதிகாரி படித்துவிட்டு மணியக்காரரைக் கேட்டார். அவர், இவர்கள் வேலைக்கு வந்துபோகிறவர்கள், விசாரித்து முடிந்த விஷயம் என்றார். அதிகாரி பழைய வாக்குமூலத்தை எடுக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்ட தலையாரி யார் என்று கேட்டார். அய்யாக்கண்ணு முன்னால் வந்து நின்றான்.

"என்னய்யா, இதுல சொன்னது சரிதானே?"

அழகுமலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அய்யாக்கண்ணு சொன்னான்:

"குடியிருந்தாங்க எசமான். ஒம்பது வீடு. பத்து வருசத்துக்கு மேல இருந்தாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

ஹாலில் விசிறி இழுக்கிறவன்கூட நிறுத்திவிட்டான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எதற்காக இப்போது மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்டார். அப்போது பயந்துவிட்டேன் என்றான்.

"இப்பப் பயம் இல்லையா?"

"இப்பவும் இருக்குங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்கக் கேட்க, குடித்தலைவர் பேர், பெண்டு பிள்ளைகள், யார் வீட்டில் எத்தனை பேர், வெள்ளத்தில் செத்தது யார் யார் என்று வரிசையாகச் சொன்னான். கூலியில்லாமல் வயலில் இறங்கியதையும் சொன்னான். குமாஸ்தாவுக்கு எழுதக் கை வலித்தது. முடிந்ததும் மறுபடியும் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்தபோது மரியசூசை மரத்தடியில் இல்லை, நடக்கத் தொடங்கியிருந்தான்.

அன்று அய்யாக்கண்ணு வீட்டுக்கு வருவதற்குள் சேதி ஊருக்கு வந்துவிட்டது. ராசாத்தி இரண்டு நாள் கழித்து அடுப்புக் கற்களைத் தூக்கிக்கொண்டு, பாயைச் செவந்தி தலையில் வைத்து, மேட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஆனால் சொன்ன உண்மை நினைத்த வேகத்தில் வேலை செய்யவில்லை. ஆனி மாசம் அய்யாக்கண்ணுவுக்கு உத்தரவு வந்தது. பொய் வாக்குமூலம் கொடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டதால் வேலையிலிருந்து நீக்கம். வில்லையைக் கழற்றிக் கச்சேரியில் கொடுத்துவிட்டு வந்தான். பங்காளி ஒருவன் தலையாரி ஆனான். அழகுமலையை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். அந்த வருஷம் அவர் தம்பி மணியம் பார்த்தார். பிறகு அவரே திரும்ப வந்துவிட்டார். ஓடைக்கரைக்காரர்களின் மனுவுக்கு, கோரிக்கை நியாயமானது என்று பதில் வந்தது. கூடவே, புயல் நிவாரணத்துக்கு ஒதுக்கிய காலம் பங்குனியோடு முடிந்துவிட்டது, புது உத்தரவு வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றும் இருந்தது.

வேலை போனபின் ஊரில் அவனைக் கூலிக்குக் கூப்பிட ஆளில்லை. மணியக்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. ஒரு நாள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் மரியசூசை கிணறு வெட்டுகிறான் என்று கேள்விப்பட்டு அங்கே நடந்தான். நாற்பதடி ஆழம் போயிருந்தது. மேலே உருளையில் நாலு பேர் வடம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மரியசூசை ஏறி வந்து, உடம்பெல்லாம் பாறைத்தூளோடு, அவனைப் பார்த்து நின்றான். அய்யாக்கண்ணு வேலை கேட்டான். மண் சுமக்கவோ வடம் இழுக்கவோ எதுவானாலும் சரி, கூலிகூட வேண்டாம் என்றான்.

மரியசூசை முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க கச்சேரியில சொன்னத நானும் சன்னல்ல நின்னு கேட்டேன். அது பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா வடத்துப் பக்கம் ஒங்கள நிக்க வைக்க முடியாதுங்க. கீழ இருக்கவன் மேல நிக்கிறவன நம்பித்தான் எறங்குறான்."

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவனே கஞ்சிக் கலயத்தை எடுத்து நீட்டினான். அய்யாக்கண்ணு வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். அதன்பிறகு ரோட்டு வேலைக்குச் சரளைக்கல் உடைக்கப் போனான். கந்தர்வக்கோட்டை ரோட்டில், வெயிலில், ஒரு கீற்றுத் தட்டியின் நிழலில் உட்கார்ந்து பத்து வருஷம் கல் உடைத்தான்.

ஐம்பத்தைந்து கார்த்திகையில் மறுபடியும் புயல் அடித்தது. இந்த முறை கண்மாய் நின்றது. ஆனால் அதற்குப் பிறகுதான் கச்சேரியில் பழைய கட்டுகளைப் பிரித்தார்கள். ஐம்பத்தாறு மாசியில், முந்தின புயலில் விட்டுப்போன ஒன்பது குடும்பத்துக்கும் வேம்பன்வயலுக்கு மேற்கே முந்திரிக்காட்டை ஒட்டிய பொட்டலில் மனை கொடுக்க உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்குள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளாதவர்களின் மனை ரத்து. இந்தச் சேதியைப் புதுத் தலையாரி ஊரில் சொல்லிவிட்டுப் போனான். ஊரில் சொல்லி என்ன, கேட்கவேண்டியவர்கள் ஊரிலா இருந்தார்கள்?

மரியசூசையும் சுற்றுப்பக்கத்தில் இருந்த இன்னும் மூன்று குடும்பமும் வந்து வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் ஐந்து. அய்யாக்கண்ணு கல் உடைக்கிற இடத்தில் சொல்லிக்கொண்டு, துண்டில் அவலை முடிந்துகொண்டு கிளம்பினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. முதலில் ஆவூருக்கு நடந்தான். அங்கே ஒரு குடும்பம் பெண் வீட்டாரின் தோட்டத்தில் இருந்தது. அந்த வீட்டுக்காரன் ஆரோக்கியமுத்து இரண்டு மகன்களை வெள்ளத்தில் கொடுத்தவன். சேதியைக் கேட்டுவிட்டு, அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன், நீ போகலாம் என்றான். அங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் போனான். ஒவ்வொரு செங்கல் காளவாசலாகக் கேட்டுக்கொண்டு போய், ஒன்றில் வியாகுலமேரியைக் கண்டுபிடித்தான். அவள் புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தலையில் கல்லோடு நின்றவள் அவனை அடையாளம் கண்டதும் கல்லை இறக்கிவைத்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள், "மனை எங்க பேர்லயா? பேரு எழுதியிருக்கா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறது, நானே பார்த்தேன் என்றான். மறுநாளே அவனோடு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் வந்தார்கள். இறங்கும் இடம் வந்தபோது அவள், என் சாமான் ஒன்றும் கிடைக்கவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றான்; மணலில் பார்த்த அம்மிக்கல்லைச் சொல்லவில்லை.

மற்ற மூன்று குடும்பத்தை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு குடும்பம் வால்பாறைத் தோட்டத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போக அவனிடம் வழியில்லை. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தோட்டத்துப் பேருக்குக் கடிதம் போட்டான். பதில் வரவில்லை. மற்ற இரண்டைப் பற்றி ஒரு துப்பும் இல்லை. திருச்சி ரயிலடியில் அவர்களில் ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொல்ல, அங்கே நாலு நாள் படுத்திருந்து பார்த்தான். வைகாசியில் தவணை முடிந்தது. நாலு மனை ரத்தாயிற்று.

பொட்டலில் ஐந்து குடிசை எழுந்தன. அதற்கு ஊரில் புயல் காலனி என்று பேர் விழுந்தது. குடிதண்ணீருக்கு அவர்களே பாறையை உடைத்துக் கிணறு வெட்டிக்கொண்டார்கள். சர்க்காரிடமிருந்து மூங்கிலும் கீற்றும் வரவில்லை. ராசாத்தி வாரத்தில் ஒரு நாள் அங்கே போவாள். வியாகுலமேரியோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பாள். அடைக்கலமேரி அவளிடம் நல்லது கெட்டது பேசுவாள். அய்யாக்கண்ணு பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தக் குழந்தை போனபிறகு அடைக்கலமேரிக்குப் பிள்ளை தரிக்கவில்லை.

அறுபத்துநாலு பங்குனியில் அய்யாக்கண்ணு இறந்தான். நாற்பத்தாறு வயது. கல்தூள் நெஞ்சில் அடைத்து இருமி இருமிப் போனான். மணியக்காரர் வீட்டுக்குப் பயந்தோ, வெயிலுக்குப் பயந்தோ, தெருவில் பத்துப் பேருக்குமேல் வரவில்லை. பாடை தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது மரியசூசை பொட்டலிலிருந்து வந்தான். ஓரமாக நின்றான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கத்துக்குத் தோள் கொடுத்தான். வியாகுலமேரி மூன்று நாள் ராசாத்தியோடு இருந்தாள். அடைக்கலமேரி வரவில்லை. அவள் வருவாள் என்று ராசாத்தியும் எதிர்பார்க்கவில்லை.